தண்டவாளம் போயிற்று, கதை நின்றது



நடத்தல் உடலுக்கு நலம் தரும் என்பதை உடற்கல்விப் பாடத்தில் படித்திருக்கிறோம். காலையிலும் மாலையிலும் திறந்த வெளியில் உலவுவோர்க்கு நெஞ்சுரமும் நல்லுறக்கமும் வாய்க்கும். ஒருவர் தனியே நடந்தால் அது உடற்பயிற்சி. பலர் சேர்ந்து நடந்து, தாம் நடக்கும் நிலத்தின் கதைகளை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால், அங்கே ஒரு சமுதாயமே உருவாகிவிடுகிறது. நேற்று வரை முன்பின் அறியாதவர்கள் இன்று உறவினர்போல் ஆகிவிடுகின்றனர்.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கொண்டு இப்பாடத்தில் காண்போம். அதன்பின் அது நம் தோட்டத்திற்கு என்ன சொல்கிறது என்பதையும் எண்ணிப் பார்ப்போம்.

1. பெயருக்குள் இருக்கும் கதை

சிங்கப்பூர் சென்று வந்த நம்மவர் யாவரும் தேக்காவை அறிவர். சிராங்கூன் சாலையும் அதனைச் சுற்றியுள்ள தெருக்களும் சேர்ந்ததே தேக்கா. மல்லிகைச் சரமும் மளிகைக் கடையும் துணிக்கடையும் நிறைந்த அப்பகுதியில் சில தெருக்களின் பெயர்கள் புதியவருக்கு வியப்பளிக்கும். ஒரு தெருவின் பெயர் பஃபலோ ரோடு. அடுத்த தெருவின் பெயர் கெர்பாவ் ரோடு. மலாய்மொழி கற்கும் மாணவர்களாகிய உங்களுக்கு இவ்விரண்டும் எருமையையே குறிக்கும் என்பது விளங்கும். ஆனால் அங்கே இன்று எருமை ஒன்றையும் காண முடியாது. நீரும் புல்லும் மிகுந்திருந்த அப்பகுதி ஒரு காலத்தில் கால்நடை வாணிகத்திற்குப் பேர்பெற்றது. அத்தொழிலில் தமிழரும் பிற இந்தியரும் ஈடுபட்டிருந்தனர்.

அருகிலேயே ரேஸ் கோர்ஸ் சாலை உள்ளது. அங்கே குதிரையும் இல்லை, பந்தயத் திடலும் இல்லை. 1842ஆம் ஆண்டு முதல் அதன் பக்கத்தில், இன்றைய ஃபேரர் பார்க் பகுதியில், குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1911ஆம் ஆண்டு மார்ச்சு 16ஆம் நாள் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு விமானி அத்திடலிலிருந்து வானில் பறந்து காட்டினார். சிங்கப்பூர் கண்ட முதல் விமானப் பறத்தல் அதுவே. 1933இல் பந்தயத் திடல் புக்கிட் தீமாவிற்கு மாறியது. பழைய இடம் விளையாட்டுத் திடலாயிற்று. 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள், பிரிட்டிஷார் சரணடைந்த இரண்டாம் நாளில், பல்லாயிரம் இந்தியப் படைவீரர்கள் அங்கே ஒன்றுதிரட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் வரலாறு அந்நிகழ்ச்சியைத் தொட்டே தொடங்குகிறது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முற்றிலும் நின்றுவிட்டது. ஆயினும் தெருவின் பெயர் நிற்கிறது.

இக்கதைகளைக் கேட்டுக்கொண்டே தேக்காவின் தெருக்களில் குழுவாக நடப்போர் இன்று உள்ளனர். 2015இல் கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையமும் பழைய செய்திகளை நாடுவோர்க்குத் துணைபுரிகிறது. கதை தெரியாதவனுக்கு அது கடைத்தெரு. கதை தெரிந்தவனோ அதே தெருவில் நூற்றெண்பது ஆண்டுகளையும் சேர்த்துப் பார்க்கிறான்.

தேக்காவில் பெயர்ப் பலகையாவது மிஞ்சியது. பெயர்ப் பலகையும் மிஞ்சாமல் போகவிருந்த ஒரு நெடும்பாதையை மக்கள் எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதே இனி நாம் காணப்போவது.

2. இரும்புப் பாதை வந்த வரலாறு

சிங்கப்பூரின் இரயில் பாதை 1903ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது டேங்க் ரோட்டில் தொடங்கித் தீவின் வடகோடியாகிய உட்லண்ட்ஸ் வரை சென்றது. டேங்க் ரோடு என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது தெண்டாயுதபாணி கோயில். தைப்பூச நாளில் சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் சென்று சேருமிடம் அதுவே. உட்லண்ட்ஸில் இறங்கிய பயணிகள் படகேறியே ஜொகூர் நீரிணையைக் கடந்தனர். நீரிணையின் குறுக்கே பாலம் அமைந்து, 1923இல் சரக்கு இரயில்கள் ஓடத் தொடங்கிய பின்னரே இருகரையும் இரும்பால் இணைந்தன.

1932இல் பாதை மேற்கே மாற்றி அமைக்கப்பட்டது. துறைமுகத்தை ஒட்டித் தஞ்சோங் பகார் இரயில் நிலையம் எழுந்தது. அதன் முகப்பில் உழவு, வாணிகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கினையும் குறிக்கும் நான்கு சலவைக்கல் உருவங்கள் நிற்கின்றன. உள்மண்டபத்தின் உயர்ந்த சுவர்களிலே மலாயாவின் வாழ்க்கையைக் காட்டும் பெரிய ஓவியங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று இரப்பர் மரம் சீவும் காட்சி. இதனை நம் பெற்றோர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நாட்டின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அக்கட்டடத்தைக் கட்டியவர்கள் அறிந்திருந்தனர். அதனால்தான் பால்வெட்டும் தொழிலாளிக்குச் சுவரிலே இடம் கொடுத்தனர். ஆனால் அத்தொழிலாளியின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

3. கைமாறிய சாவி

அப்பாதையிலே புக்கிட் தீமா என்னும் சிறு நிலையம் ஒன்று இருந்தது. அங்கே கடைசி நாள்வரை ஒரு பழைய வழக்கம் நடைபெற்றது. அதன் செயல்முறையை மாணவர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும்.

பாதை ஒன்றே; இரயிலோ இருதிசையிலும் வரும். இரண்டு இரயில்கள் ஒரே நேரத்தில் எதிரெதிரே நுழைந்தால் பெருவிபத்து நேரும். இதனைத் தடுக்க, பாதையைப் பகுதி பகுதியாகப் பிரித்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் சாவி போன்ற ஓர் உலோக அடையாளம் உண்டு. பகுதியின் இருமுனையிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு சாவி வெளியே எடுக்கப்பட்டுவிட்டால், அது மீண்டும் கருவிக்குள் வைக்கப்படும்வரை இன்னொன்றை எடுக்க இயலாது. சாவி கையில் இருக்கும் ஓட்டுநரே அப்பகுதிக்குள் இரயிலைச் செலுத்தலாம்.

அச்சாவியை ஒரு பைக்குள் இட்டு, பெரிய வளையம் ஒன்றில் கட்டியிருப்பர். இரயில் வேகம் குறைந்து வரும்போது, நிலைய ஊழியர் மேடையில் நின்று அவ்வளையத்தை நீட்டுவார். ஓட்டுநர் தம்மிடமுள்ள பழைய வளையத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதைக் கைநீட்டிப் பெற்றுக்கொள்வார். இரயில் நில்லாமலே சாவி கைமாறிவிடும்.

பிள்ளைகளே! முன்னோர் கதையும் இத்தகையதே. காலம் நமக்காக நிற்பதில்லை. தாத்தா நீட்டும்போதே பேரன் கையை நீட்டிப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு கணம் தவறினால் வளையம் கீழே விழும். இரயில் கடந்து போய்விடும்.

4. கடைசி இரயிலும் முதல் நடையும்

இரயில் பாதை சிங்கப்பூர் மண்ணில் கிடந்தாலும் அதனை நடத்தியது மலாயன் இரயில்வே. இதனால் ஒரு விந்தையும் நிகழ்ந்தது. 1998ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸிற்கு மாற்றிக்கொண்டது. மலேசியச் சோதனை தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. ஆகவே பயணிகள் முதலில் மலேசியாவிற்குள் நுழைய அனுமதி பெற்று, பின்னரே சிங்கப்பூரை விட்டு வெளியேற அனுமதி பெற்றனர்!

2010ஆம் ஆண்டில் இருநாட்டு அரசுகளும் உடன்பாடு கண்டன. அதன்படி 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி இரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் அவர்கள் தாமே அதனைச் செலுத்திச் சென்றார். நிலையத்திலும் பாதையோரங்களிலும் திரளான மக்கள் கூடிநின்று கையசைத்து விடைகொடுத்தனர்.

மறுநாள் தொடங்கி ஜூலை 17ஆம் நாள்வரை, தண்டவாளத்தை அகற்றுவதற்கு முன்பாக, பாதை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மக்கள் குடும்பம் குடும்பமாக வந்தனர். இரயில் மட்டுமே போன வழியில் மனிதர்கள் நடந்தனர். அதன்பின் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு மலேசியாவிற்கு அனுப்பப்பட்டன. புக்கிட் தீமாப் பகுதியின் இரண்டு பழைய இரும்புப் பாலங்கள் மட்டும் அவ்வாறே விடப்பட்டன.

இருபத்து நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள நிலம். நிலம் அரிதாகிய சிங்கப்பூரில் அதன் மதிப்பு எத்தகையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதனைத் துண்டு துண்டாக்கிக் கட்டடம் எழுப்பியிருக்கலாம். ஆனால் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010ஆம் ஆண்டிலேயே, பாதை முழுவதையும் ஒரே பசுமைத் தடமாகக் காக்க வேண்டும் என்று எழுத்து வடிவில் ஒரு திட்டத்தை வைத்திருந்தது. நடைப்பயிற்சி செய்வோர், ஓடுவோர், மிதிவண்டி ஓட்டுவோர், பறவை காண்போர், பழைமை விரும்புவோர் எனப் பலரும் அதற்குத் துணைநின்றனர். அரசும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. புக்கிட் தீமா நிலையம் பழுது பார்க்கப்பட்டு 2022ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மக்களுக்காகத் திறக்கப்பட்டது. பாதை இன்று இரயில் பசுமைத் தடம் என்னும் பெயரோடு நடப்போர்க்கு உரியதாக விளங்குகிறது.

5. கதை எவ்வாறு மனிதரைச் சேர்க்கிறது?

ஒரு பாதையில் ஆயிரம் பேர் நடந்தாலும் அவர்கள் கூட்டமே ஆவர், சமுதாயம் ஆகார். அவர்களைச் சேர்ப்பது கதை. அது மூன்று வழிகளில் செயற்படுகிறது.

முதலாவது, இடம் நினைவை எழுப்புகிறது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டால், பெரியவர் பலவற்றை மறந்துவிட்டதாகக் கூறுவார். அவரையே பழைய பாலத்தின் அடியில் நிறுத்திப் பாருங்கள்! பாதையோரக் கம்பத்தில் வாழ்ந்தது, இரயிலோசை கேட்டு நேரம் அறிந்தது, பண்டிகைக்கு மூட்டை முடிச்சுகளோடு இரவு இரயிலேறிக் கோலாலம்பூர் சென்றது எல்லாம் ஒவ்வொன்றாய் வெளிவரும்.

இரண்டாவது, ஒரு கதை மற்றொரு கதையை அழைக்கிறது. சீனர் ஒருவர் சொல்லத் தொடங்கினால் மலாய்க்காரர் தொடர்வார். தமிழர் அதனை முடித்துவைப்பார். ஒருவர் ஆண்டைத் தவறாகச் சொன்னால் இன்னொருவர் திருத்துவார். இத்திருத்தம் மிகவும் தேவையானது. நினைவு வேறு, வரலாறு வேறு. யார், எங்கே, எப்பொழுது என்னும் மூன்று வினாக்களால் உரசிப் பார்த்த பின்னரே நினைவு வரலாறாகும்.

மூன்றாவது, கதை புதியவரை உள்ளே அழைத்துக்கொள்கிறது. இரயிலையே காணாத சிறுவனும் வளையம் கைமாறிய கதையைக் கேட்டுவிட்டால், அடுத்த வாரம் தன் தோழனுக்கு அதனைச் சொல்கிறான். அன்று முதல் அவனும் அப்பாதைக்கு உரியவன் ஆகிறான்.

கதை மட்டுமே நிலத்தைக் காத்தது என்று நான் கூற வரவில்லை. எழுதிய திட்டமும் அரசின் இசைவும் இன்றியமையாதன. ஆயினும் ஓரிடத்தைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் முதலில் நெஞ்சில் பிறக்க வேண்டும். கதையே அதனைப் பிறப்பிக்கிறது.

6. எழுதப்படாத பெயர்கள்

இரயில் பாதை அமைத்ததிலும் பேணியதிலும் தமிழர் பங்கு பெரிது. மண் வெட்டியோரும், சல்லி பரப்பியோரும், வெயிலிலும் மழையிலும் பாதையைச் சரிபார்த்தோருமாக நம்மவர் பலர் உழைத்தனர். அவர்கள் இரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1932ஆம் ஆண்டளவில் குயின்ஸ்வே பகுதியில் இரயில்வே ஊழியர்கள் முனியாண்டிக்குச் சிறு கோயில் எழுப்பினர். அது வளர்ந்து, 1998இல் காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயமாகக் குடமுழுக்குக் கண்டது. இன்று பெருந்திரளாக மக்கள் அங்கே வழிபடுகின்றனர். கோயில் கட்டியதால் அவர்தம் சுவடு நிலைத்தது. கோயில் கட்டாத இடங்களில் உழைத்தோரின் சுவடு எங்கே?

இவ்விடத்தில் மற்றோர் இரயில் பாதையையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. சயாம் மரண இரயில் என்ற சொல்லைக் கேட்டாலே நம் முதியோர் பெருமூச்சு விடுவர். 1942ஆம் ஆண்டிலும் 1943ஆம் ஆண்டிலும் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவிற்கு 415 கிலோமீட்டர் பாதை போட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் அவ்வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காய்ச்சலாலும் கழிச்சலாலும் பசியாலும் மடிந்தோர் எண்ணற்றவர். அங்கே மாண்ட மேனாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. உயிர்பிழைத்த கைதிகள் நாட்குறிப்பு எழுதினர், நூல் எழுதினர், உலகம் படித்தது. நம்மவரில் மாண்டோர் எத்தனை பேர் என்பதற்குக்கூட ஒத்த கணக்கு இல்லை. திரும்பி வந்தோர் சிலர் வாய்திறக்கவே இல்லை. வாய்திறந்த பலரிடம் கேட்டு எழுத எவரும் இல்லை.

துன்பத்தில் வேறுபாடு இல்லை. எழுதப்பட்டது, எழுதப்படவில்லை என்பதிலேதான் வேறுபாடு.

7. நம் தோட்டத்தில் ஒரு கதை நடை

பெற்றோர்களே! நம் நாட்டில் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல தோட்டங்களில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதி வந்துவிட்டது. லயங்கள் இடிக்கப்படும்போது ஓடும் பலகையும் மட்டும் போவதில்லை. எந்த வீட்டில் யார் பிறந்தார், எந்த மரத்தடியில் கூத்து நடந்தது, வெள்ளம் வந்த ஆண்டில் யார் யாரைக் காப்பாற்றினார் என்பனவும் உடன் போய்விடுகின்றன. சிங்கப்பூரில் மக்கள் தண்டவாளம் போகும் முன்னரே பேசத் தொடங்கினர். நாமும் லயம் போகும் முன்னரே பேச வேண்டும்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறும் முன்பு, ஒரு மணி நேரம் போதும். பிள்ளைகள், பெற்றோர், முதியோர் மூவரும் சேர்ந்து நடக்க வேண்டும். பெரட்டுக் களத்தில் தொடங்கலாம். ஆயாக் கொட்டகை, பால் நிறுத்த இடம், பழைய கிணறு, மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம் என ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நிற்கலாம். அங்கே முதியவர் பேச வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும். மேல்வகுப்பு மாணவர் குறிப்பேட்டில் எழுத வேண்டும். கைப்பேசி உள்ளோர், பேசுவோரின் இசைவு பெற்று, குரலைப் பதிவு செய்யலாம்.

பாட்டிமாரை மறந்துவிடக் கூடாது. ஆண்கள் பெரும்பாலும் வேலையைப் பற்றியும் கிராணி, கங்காணி, துரைமார் பற்றியும் பேசுவர். விடியுமுன் எழுந்து சோறாக்கி, பிள்ளையை ஆயாவிடம் விட்டு, நிரைக்குச் சென்று, மாலையில் விறகு சுமந்து வந்த கதையைப் பெண்களே சொல்ல முடியும். நடக்க இயலாத முதியோரின் வீட்டு வாசலையே நடையின் ஓர் இடமாக வைத்துக்கொள்ளலாம்.

மாணவர்களே! சொல்ல விரும்பாத ஒன்றை எவரையும் வற்புறுத்திக் கேட்காதீர்கள். அழுதால் பொறுத்திருங்கள். கேட்டதைக் கூட்டியும் குறைத்தும் எழுதாதீர்கள். பெரியவரின் பெயர், பிறந்த இடம், நீங்கள் கேட்ட நாள் ஆகியவற்றை மறவாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

தஞ்சோங் பகார் சுவரில் மரம் சீவிக்கொண்டிருப்பவருக்குப் பெயர் இல்லை. நம் தோட்டத்தில் மரம் சீவியவர்களுக்குப் பெயர் உண்டு. அப்பெயர்கள் இன்னமும் சிலருடைய நாவில் வாழ்கின்றன. வளையம் நீட்டப்பட்டிருக்கிறது. வாங்கிக்கொள்வது உங்கள் கடமை.

எண்ணி விடையளிக்க

1. ஃபேரர் பார்க் திடலில் 1911இலும் 1942இலும் நிகழ்ந்தவை யாவை?
2. ஒற்றைப் பாதையில் இரு இரயில்கள் மோதாவண்ணம் சாவி எவ்வாறு காத்தது? படம் வரைந்து விளக்குக.
3. 1998க்குப் பின் தஞ்சோங் பகாரில் இரயிலேறிய பயணிகள் கண்ட விந்தை யாது?
4. நினைவு வரலாறாக வேண்டுமானால் கேட்க வேண்டிய மூன்று வினாக்கள் யாவை?

வீட்டுப் பணி

உங்கள் தாத்தா அல்லது பாட்டியுடன் தோட்டத்தின் ஓரிடத்திற்கு நடந்து செல்க. அவ்விடத்தைப் பற்றி அவர் கூறியதை ஒரு பக்கம் எழுதி, அவருக்கே படித்துக்காட்டித் திருத்தம் பெற்று, வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்க. பெற்றோர்கள் துணைபுரிய வேண்டுகிறேன்.

தலைமையாசிரியர்